விறகு அடுப்புப் புகை பைப்பு: சிங்கிளா, டபுளா? கோளாறைப் பார்த்து முடிவு செய்யும் வழி

வியாசர்பாடியில் எனக்குத் தகரப் பட்டறை. கொருக்குப்பேட்டை பிரியாணிக் கடை, தண்டையார்பேட்டை கல்யாணச் சமையல் கூடம், காசிமேட்டுப் பக்கம் விடியற்காலை மூன்று மணிக்கு அடுப்பு மூட்டும் மெஸ் என்று விறகில் சமைக்கிறவர்கள் இந்தப் பக்கம் இன்னும் நிறைய பேர். அவர்களுக்குப் புகை பைப்பு செய்து மாட்டுவதுதான் என் வேலையில் பாதி.

"அண்ணே, சிங்கிள் பைப் போதுமா, டபுள் போடணுமா?" என்றுதான் போன் வரும். "இப்ப அடுப்பு என்ன பண்ணுது?" என்று நான் திருப்பிக் கேட்பேன். புகை உள்ளே வருகிறதா, கருப்பாக ஒழுகுகிறதா, சுவர் கொதிக்கிறதா என்று தெரியாமல் பைப்பைப் பற்றிப் பேசிப் பயனில்லை. சில சமயம் குறை பைப்பில் இருக்காது, விறகில் இருக்கும். ஆகவே கோளாறை வைத்தே எழுதுகிறேன்.

அதற்கு முன் பெயர்க் குழப்பம் ஒன்றைத் தீர்த்துவிடலாம். சிங்கிள் என்றால் ஒரே தகடு. உள்ளே ஓடும் சூடு அப்படியே வெளியே அடிக்கும். டபுளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, இரண்டு பைப்புக்கு நடுவே வெறும் காற்று மட்டும் இருப்பது. இது அறைக்குள் அடுப்பிலிருந்து கூரை வரைக்கும்தான். இன்னொன்று, நடுவே ராக்வூலோ செராமிக் ஊலோ, அதாவது சூட்டைத் தடுக்கும் பஞ்சு, அடைத்தது. கூரையைத் துளைத்து வெளியே போக வேண்டியது இதுதான். கடையில் இரண்டையும் டபுள் என்றே சொல்வார்கள், கேட்டு வாங்குங்கள். கேஸ் கீசருக்கு வரும் அலுமினிய பைப்பை விறகு அடுப்பில் மாட்டவே கூடாது. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். பைப்புக்குள் படிந்த கரி பற்றிக்கொண்டால் சூடு 1000 டிகிரியைத் தாண்டும்.

இன்னொன்று. செங்கல் அடுப்புக்கு மேலே கூண்டு கட்டி, கூண்டிலிருந்து பைப்பு எடுத்திருந்தால், அறைக் காற்றும் புகையோடு கலந்து போகும். பைப்பு அவ்வளவு சூடாகாது, இழுப்பும் மந்தம்தான். கதவு வைத்த இரும்பு அடுப்பில் நேராக மாட்டிய பைப்பு அப்படியல்ல, முழுச் சூட்டையும் அதுதான் வாங்கும். கீழே சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைக்கு.

அடுப்பு மூட்டியதும் புகை சமையலறைக்குள் வருகிறது, பத்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது

பைப்பு குளிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உள்ளே இருக்கும் காற்று சூடாகி லேசானால்தான் மேலே ஏறும். காகிதமும் சில்லு விறகும் போட்டு முதலில் ஒரு சுடர் காட்டுங்கள், கட்டையைப் பிறகு வையுங்கள். இதற்காக டபுள் வாங்க வேண்டாம்.

எவ்வளவு எரிந்தாலும் புகை திரும்பிக்கொண்டே இருக்கிறது

ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி அடுப்பு வாய்க்கு நேரே பிடியுங்கள். அதன் புகை உள்ளே வளைந்து போனால் இழுப்பு உண்டு. நேராக நின்றால் இழுப்பு இல்லை. உங்கள் முகத்துக்கு வந்தால் காற்று எதிர்ப்பக்கம் ஓடுகிறது.

எதிர்ப்பக்கம் ஓடினால் முதலில் எக்ஸாஸ்ட் ஃபேனை நிறுத்திப் பாருங்கள். சின்ன சமையலறையில் ஜன்னலை மூடிக்கொண்டு ஃபேன் போட்டால், வெளியே தள்ளிய காற்றுக்கு ஈடாக வேறு எங்கிருந்தாவது காற்று உள்ளே வந்தாக வேண்டும். பைப்புதான் திறந்த வழி. அந்த வழியாகப் புகையோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலியும் மயக்கமும்தான் தெரியும். அடுப்பு எரியும்போது கீழ் மட்டத்தில் ஒரு ஜன்னலோ கதவோ கட்டாயம் திறந்திருக்க வேண்டும்.

காலையில் நன்றாக இழுத்து, மதியம் மட்டும் புகை திரும்பினால் அது கடல்காற்று. திருவொற்றியூரில் ஒரு மெஸ்ஸில் இதையே பார்த்தேன். மெஸ் ஒற்றை மாடி, மேற்கே ஒட்டினாற்போல் மூன்று மாடி வீடு. கிழக்கிலிருந்து வரும் காற்று அந்தச் சுவரில் மோதி அப்படியே கீழே இறங்கி பைப்பு வாயை அமுக்கியது. அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: பைப்பு கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும், 10 அடி தூரத்துக்குள் எது உயரமோ அதைவிட 2 அடி மேலே நிற்க வேண்டும். மூன்று மாடிச் சுவருக்குப் பக்கத்தில் அந்தக் கணக்கு நடக்காது. அங்கே பைப்பைச் சுவரிலிருந்து தள்ளி மொட்டை மாடியின் மறுமுனைக்கு மாற்றினோம். உயர்த்திய பைப்புக்கு மூன்று பக்கம் ஸ்டே கம்பி கட்டினோம். 2016 வர்தா புயலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கம்பி எதற்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

காற்றும் இல்லை, ஃபேனும் இல்லை, ஆனாலும் இழுக்கவில்லையா? வாய் அளவைப் பாருங்கள். அடுப்பின் வாய் 6 அங்குலம் இருக்க, கையில் கிடைத்தது என்று 4 அங்குலப் பைப்பு மாட்டியிருப்பார்கள். விட்டம் இரண்டு அங்குலம்தான் குறைந்தது என்று நினைப்பார்கள், வழி பாதிக்கும் கீழே போய்விடும். அப்புறம் எல்போ, அதாவது வளைவுத் துண்டு. 90 டிகிரி எல்போ இரண்டுக்கு மேல் வேண்டாம். படுக்கையாகப் போகும் பைப்பு அடிக்குக் கால் அங்குலமாவது ஏறிக்கொண்டே போக வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தும் மந்தமாக இழுத்தால், அப்போதுதான் டபுள் பற்றிப் பேச வேண்டும். "இங்க என்னண்ணே குளிரு, டபுளு எதுக்கு?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். இழுப்பு என்பது உள்ளே இருக்கும் சூட்டுக்கும் வெளியே இருக்கும் சூட்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் வருவது. பனி கொட்டும் ஊரில் வெளியே மைனஸ் 10 டிகிரி. நமக்கு 32. பைப்புக்குள் அதே 100 டிகிரி இருந்தாலும் நமக்குக் கிடைக்கும் இழுப்பு அவர்களுடையதில் பாதியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். வெயில் ஊர் என்பதாலேயே நம் பைப்பு பலவீனமாகத் தொடங்குகிறது. உள்ளே சராசரி 200 டிகிரி இருக்க வேண்டிய புகை 100 டிகிரிக்கு இறங்கினால் இருக்கிற இழுப்பும் பாதியாகிவிடும். மொட்டை மாடிக்கு மேலே ஏழெட்டு அடி சிங்கிள் பைப்பு நின்றால், மழைக்காலத்தில் அது நனைந்து குளிரும்போது இதுதான் நடக்கிறது. அந்தத் துண்டை மட்டும் ஊல் அடைத்த டபுளாக மாற்றினால் வித்தியாசம் அன்றைக்கே தெரியும்.

ஜாயிண்டில் கருப்பாகத் தார் மாதிரி ஒழுகுகிறது

வடசென்னையில் எனக்கு அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தப்பாக வைத்தியம் பார்க்கப்படுவதும் இதுதான். ஒழுகும் இடத்தில் எம்சீல் வைத்து அடைத்துவிடுவார்கள். எம்சீல் சூட்டில் கருகி உதிர்ந்துவிடும், ஒழுகல் அடுத்த ஜாயிண்டுக்குப் போகும்.

அந்தக் கருப்பு விறகிலிருந்து வருவது. முழுதாக எரியாத புகை, பைப்பின் உள்சுவர் சுமார் 120 டிகிரிக்குக் கீழே இறங்கியிருக்கும் இடத்தில் பட்டு, நீராவியோடு சேர்ந்து குளிர்ந்து படிகிறது. முதலில் டீ டிக்காஷன் போல ஒழுகும், பிறகு தாராகும், கடைசியில் கண்ணாடி போல மின்னும் கெட்டிக் கரியாகிவிடும். கெட்டியானது எரியும் பொருள் என்பதை மறக்கக் கூடாது.

முதல் சந்தேகம் விறகு மேல். புதிதாக வெட்டிய கட்டையில் எடையில் பாதி தண்ணீர் இருக்கலாம். பத்து கிலோ போட்டால் ஐந்து லிட்டர் தண்ணீரைப் பைப்பு வழியாக ஆவியாக்குகிறீர்கள். சவுக்கோ வேலிக்காத்தானோ, ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். கருவி வேண்டாம். இரண்டு கட்டையை ஒன்றோடு ஒன்று தட்டுங்கள். காய்ந்தது "டக்"கென்று மணி போலச் சொல்லும், ஈரம் "தொப்"பென்று அடங்கும். வெட்டுமுகத்தில் நடுவிலிருந்து கதிர் கதிராக வெடிப்பு ஓடியிருந்தால் காய்ந்தது. எரியும்போது முனையில் நுரை தள்ளினால் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் தெருவோரம் தார்ப்பாய் போட்டு மூடிவைத்த கட்டை பக்கவாட்டில் காற்று இல்லாமல் வியர்த்து ஊறியிருக்கும். மேலே மட்டும் மூடி, பக்கத்தைத் திறந்து வையுங்கள்.

துறைமுகத்துப் பக்கம் மலிவாகக் கிடைக்கிறதே என்று பேலட் பலகையை வாங்கி எரிக்கிறார்கள். அதில் ஒரு முத்திரை குத்தியிருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடுகாட்டிப் பூச்சி போக்கியது. எம்.பி. (MB) என்றிருந்தால் மீத்தைல் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. எம்.பி. பலகையும் பெயிண்ட் அடித்த பலகையும் சோறு வேகும் அடுப்புக்குள் போகவே கூடாது.

இரண்டாவது சந்தேகம் காற்றை அடைத்து எரிப்பது. தம் போடும் நேரத்தில் தீயை அடக்குவது தேவைதான். ஆனால் சட்டியைத் தணலில் வைத்துத் தம் போடுங்கள், பச்சைக் கட்டையைத் திணித்துக் காற்று வழியை மூடித் தம் போடாதீர்கள். தணலில் புகை இல்லை, தாரும் இல்லை.

மூன்றாவதுதான் பைப்பு. காய்ந்த விறகு, தாராளமாகக் காற்று, அப்படியும் ஒழுகுகிறது என்றால் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். கூரைக்கு மேலே தொடங்கினால் மேல் துண்டுக்கு ஊல் அடைத்த டபுள். அறைக்குள்ளேயே தொடங்கினால், நீளமான சிங்கிள் அறையிலேயே சூட்டை இழந்துவிடுகிறது, உள் துண்டையும் காற்று இடைவெளி டபுளாக்குங்கள்.

கூடவே ஜாயிண்டையும் பாருங்கள். பைப்பின் ஒரு முனை, அடுத்த பைப்புக்குள் நுழைவதற்காகச் சுருக்கு வைத்திருக்கும். அந்தச் சுருக்கு முனை கீழே, அடுப்பைப் பார்த்து இருக்க வேண்டும். அப்போது உள்ளே வழிகிற எதுவும் அடுத்த பைப்புக்குள்ளேயே விழுந்து அடுப்புக்குப் போய் எரிந்துவிடும். நம்மவர்கள் மழைத்தண்ணீர்க் குழாய் மாட்டிப் பழகியவர்கள். வெளியே அடிக்கும் மழை உள்ளே போகக் கூடாது என்று நினைத்துச் சுருக்கை மேலே வைத்துவிடுகிறார்கள். நல்ல பைப்பும் அப்படி மாட்டினால் ஒழுகும். ஒவ்வொரு ஜாயிண்டுக்கும் மூன்று ஸ்க்ரூ.

ஒழுகல் நின்ற பிறகும், உள்ளே படிந்ததைச் சுரண்டித்தான் ஆக வேண்டும். 3 மில்லி கனம் சேர்ந்தால் கம்பி பிரஷ் இறக்கும் நேரம் வந்துவிட்டது.

சுவர் கொதிக்கிறது, பெயிண்ட் உரிகிறது, கூரைப் பக்கம் தீய்ந்த வாசனை

இதைத் தள்ளிப்போடாதீர்கள். அன்றைக்கே அடுப்பை நிறுத்துங்கள்.

ராயபுரத்தில் ஒரு பழைய வீடு. கீழே மெஸ், மேலே குடும்பம். மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்குக் கட்டைகளை வரிசையாகப் போட்டு, அதன் மேல் செங்கல்லைச் சாய்த்து அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டியது. மெஸ் நடத்தும் அக்கா கூப்பிட்டார். "ராத்திரி அடுப்பு அணைச்ச பொறவும் கட்ட தீயிற மாதிரி வாசன வருதுப்பா." சிங்கிள் பைப்பைச் செங்கல் வழியாக நேராக விட்டு, சுற்றிலும் சிமெண்டால் இறுக்கி அடைத்திருந்தார்கள். ஏணி போட்டுப் பார்த்தேன். பைப்பிலிருந்து நான்கு விரல் தள்ளித் தேக்குக் கட்டை. பைப்பைப் பார்த்த பக்கம் மட்டும் காப்பித்தூள் நிறம். விரல் நகத்தால் கீறினேன், கரித்தூளாக உதிர்ந்தது. மற்ற மூன்று பக்கமும் நேற்று அறுத்த தேக்கு போல மஞ்சள். தீ படவே இல்லை, வெறும் சூடுதான். நாள்தோறும் சூடு வாங்கும் மரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, பிறகு சாதாரண மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். மேலே குழந்தைகள் தூங்கும் அறை. அடுப்பை அப்போதே அணைக்கச் சொன்னேன்.

இந்த இடத்தில் சிங்கிளா டபுளா என்ற கேள்வியே இல்லை. கூரையையோ சுவரையோ துளைத்துப் போகும் இடத்தில் சிங்கிள் கூடாது. அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் என்எஃப்பிஏ 211 விதி, எரியும் பொருளுக்கும் சிங்கிள் பைப்புக்கும் நடுவே 18 அங்குலம் கேட்கிறது. காற்று இடைவெளி டபுளுக்குப் பெரும்பாலும் 6 அங்குலம், ஊல் அடைத்த சிம்னிக்குப் பெரும்பாலும் 2 அங்குலம் என்று தயாரிப்பாளர்கள் சோதித்து முத்திரை குத்துகிறார்கள். நம் பட்டறைகளில் உருட்டும் டபுளுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதனால் மரம் பக்கத்தில் இருந்தால் 2 அங்குலத்தை நான் நம்புவதில்லை, 6 விடுகிறேன். அக்கா வீட்டில் துளையையே இரண்டு கட்டைக்குச் சரியாக நடுவே மாற்றி, ஒரு ஸ்லீவ் (அகலமான உறைக் குழாய்) வைத்து, அதற்குள் டபுள் பைப்பைத் தொங்கவிட்டோம். கருகிய கட்டையை ஆசாரி வந்து மாற்றினார்.

"எங்க வீடு கான்கிரீட்டு, எரியாதே" என்பவர்கள் எரியும் பொருள் வேறு என்னென்ன என்று சுற்றிப் பாருங்கள்: பிளைவுட் அலமாரி, ஃபால்ஸ் சீலிங், வயர் ஓடும் பிவிசி பட்டை, கேஸ் டியூப். கான்கிரீட்டில் பைப்பை ஒட்டிச் சிமெண்ட் பூசினாலும், சூட்டில் பெருக்கும் பைப்பு அதை விரிசல் விடவைக்கும், மழை அந்த வழியே இறங்கும். ஆஸ்பெஸ்டாஸ் சீட் கூரையாக இருந்தால் இன்னொரு கவனம் வேண்டும். கிரைண்டரால் அறுக்காதீர்கள். அந்தத் தூள் நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். அந்த ஒரு சீட்டைக் கழற்றிவிட்டுத் தகர சீட் போட்டு, அதில் துளை எடுப்பதுதான் என் வழக்கம்.

டபுள் போட்டும் வெளிப்பக்கம் கை வைக்க முடியவில்லை

வெளிப்பக்கம் முழுக்கச் சூடா, திட்டுத் திட்டாகவா? திட்டாக என்றால் அந்த இடத்தில் ஊல் சரிந்து கீழே இறங்கியிருக்கிறது, அல்லது உள் பைப்பு நெளிந்து வெளிப் பைப்பைத் தொடுகிறது. எஸ்எஸ் 304 என்ற துருப்பிடிக்காத எஃகு ரகத்தில் செய்த 3 மீட்டர் உள் பைப்பு 300 டிகிரி ஏறினால் ஒன்றரை சென்டிமீட்டர் நீளும். வெளிப் பைப்பு அவ்வளவு நீளாது. இரண்டையும் சேர்த்து நீள ஸ்க்ரூ அடித்துவிட்டால் உள்ளே இருப்பது எங்கே போகும்? நெளியும். ஒரு முனையில் மட்டும் பிடித்து, மறுமுனையை நழுவ விட வேண்டும். மழைக்குப் பிறகு முழுக்கச் சூடாகிறது என்றால் ஊல் நனைந்திருக்கிறது. நனைந்த ஊல் சூட்டைத் தடுக்காது, உள்ளேயே துருவும் பிடிக்கும். மேல் மூடியும் மழைக் காலரும் சரியில்லை, அதைப் பார்க்க வேண்டும்.

வருஷம் ஒன்று ஆகவில்லை, பைப்பு ஓட்டை

காசிமேடு, எண்ணூர்ப் பக்கம் உப்புக்காற்று எல்லாவற்றையும் தின்னும். அடுப்பை ஒட்டிய துண்டுக்கு ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்புத் தகடு) வேண்டாம். துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் உரியத் தொடங்கும், 420-இல் உருகும், அதற்கு மேல் வரும் புகை உடம்புக்கு ஆகாது. அங்கே எம்எஸ் (பூச்சில்லாத சாதா இரும்பு) சிங்கிள், ஒரு மில்லித் தகடு போடுகிறேன். 0.6 மில்லிக்குக் கீழே யாரும் போட வேண்டாம்.

மேல் துண்டுக்கு எஸ்எஸ். கடலுக்குப் பக்கத்தில் என்றால் வெளித்தகடு 316 நல்லது. அதில் உள்ள மாலிப்டினம் உப்பினால் புள்ளி புள்ளியாக அரிப்பதைத் தடுக்கும். விலை கூடத்தான். மண்ணடியில் வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்த்து "ஒட்டலை, 304தான்" என்று நம்பி வராதீர்கள். மலிவான 202-லும் காந்தம் ஒட்டாது. சொட்டு மருந்து விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் இருக்கிறது, கடைக்காரரிடமே போட்டுக் காட்டச் சொல்லுங்கள், பில்லில் கிரேடை எழுதி வாங்குங்கள்.

பைப்புக்குள் ரயில் ஓடுவது போல இரைச்சல்

"டப், டப்" என்று லேசாகத் தட்டினால் அது பைப்பு சூடேறி விரிகிற சத்தம், பயமில்லை. விடாமல் இரைந்து, பைப்பு அதிர்ந்து, மேலே வாயில் பொறி பறந்தால் உள்ளே கரி பற்றிக்கொண்டது. காற்று வழி, சாம்பல் கதவு, டேம்பர் (பைப்புக்குள் இழுப்பை அடக்கும் தகடு) எல்லாவற்றையும் மூடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள். நீராவி முகத்தில் அடிக்கும், சூட்டில் இருக்கும் தகடு வெடித்துப் பிரியும். ஆட்களை வெளியேற்றுங்கள், மேல் மாடியில் இருப்பவர்களை முதலில். கேஸ் சிலிண்டரை அடைக்க வழி இருந்தால் அடையுங்கள். 101-க்குக் கூப்பிடுங்கள். இரைச்சல் அடங்கினாலும் வரச் சொல்லுங்கள், கூரைக்குள் மரம் கனன்றுகொண்டிருக்கலாம்.

அடுத்த நாள் அடுப்பு மூட்டுவதற்கு முன் ஒவ்வொரு துண்டையும் கழற்றி வெயிலில் வைத்துப் பாருங்கள். நீலம் பாய்ந்திருந்தால், நெளிந்திருந்தால், தையல் வாய் பிளந்திருந்தால் அந்தத் துண்டு பழைய இரும்புக்குத்தான். டபுளாக இருந்தால் வெளிப்பக்கத்தை மட்டும் பார்த்து நல்லாயிருக்கிறது என்று மாட்டிவிடாதீர்கள். டார்ச் அடித்து உள் பைப்பைக் கீழிருந்து மேல் வரை பாருங்கள்.